பரிசலுக்கு இரண்டு வயது

எந்தப் பரிசலுக்கும் இரண்டு வயது உண்டு. ஆண்டுக் கணக்கைச் சொல்லவில்லை, பிறந்தநாள் கணக்கைச் சொல்கிறேன். மூங்கில் கூட்டைப் பின்னி முடித்த நாள் ஒன்று. அதன்மேல் கடைசியாக விரிப்பைப் போர்த்தித் தார் பூசிய நாள் இன்னொன்று. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடித் துறையிலோ கோட்டையூர்த் துறையிலோ கவிழ்த்துப் போட்டிருக்கும் பரிசல்களைப் பார்த்தால் முதல் வயது கண்ணில் படாது. இரண்டாவதுதான் படும். தார் பளபளத்தால் இளசு. சாம்பல் பூத்து, சிலந்திவலைபோல வெடிப்பு ஓடியிருந்தால் கிழம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வயதைப் பற்றியது. மூங்கிலும் பிளாஸ்டிக்கும் தாரும் ஒன்றையொன்று எத்தனை நாள் விடாமல் பிடித்திருக்கின்றனவோ, அத்தனை நாள்தான் பரிசல் மிதக்கும்.

முதலில் இந்தப் பிடிப்பே கிடையாது, கட்டு மட்டும்தான் இருந்தது. பிளாஸ்டிக் வருவதற்கு முன் பரிசலுக்குப் போர்வை எருமைத் தோல். மூங்கில் பிளாச்சுகளைக் கிண்ணம்போல வளைத்துப் பின்னி, தோலை ஒன்றோடொன்று தைத்து, விளிம்பில் வாரால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். பசை என்று எதுவும் இல்லை. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடைபோன்ற வட்டப் படகுகளைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம் என்கிறார். அவை நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகின்றன என்றும் குறித்திருக்கிறார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறித் தலைசுற்றியவர்கள் இந்த இடத்தில் அவரைச் சொந்தக்காரராக உணரலாம். 1803-ல் மராத்தியர்மீது படையெடுத்தபோது ஆர்தர் வெல்லெஸ்லி ஆறுகளைக் கடக்கக் கூடைப் படகுகளைச் செய்யச் சொன்னார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபுதான். அதற்கு முன் அவர் சில ஆண்டுகள் இருந்தது காவிரி சுற்றி ஓடும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்.

தோலுக்கு ஒரு சங்கடம் உண்டு. தண்ணீரில் கிடந்தால் ஊறித் தளரும். வெயிலில் கிடந்தால் காய்ந்து விறைக்கும். ஈரமாகவே விட்டால் அழுகும். ஆகவே ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைத்தாக வேண்டும். அன்று தோலைக் காப்பாற்றக் கவிழ்த்தார்கள். தோல் போன பிறகும் கவிழ்க்கும் பழக்கம் போகவில்லை.

தாரின் கதை வேறு ஆற்றில் தொடங்குகிறது. யூப்ரடீஸ் கரையில் ஹித் என்ற ஊரில் நிலத்திலிருந்தே தார் ஊறி வரும். பாபிலோனின் சுவர்களுக்கு அங்கிருந்துதான் தார் வந்தது என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து தோல் போர்த்திய வட்டப் படகில் சரக்கு ஏற்றி வந்து, சரக்கோடு படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வணிகர்கள் ஊர் திரும்புவார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். இராக்கில் குஃபா என்ற வட்டக்கூடைப் படகுக்கு இருபதாம் நூற்றாண்டிலும் தார்தான் பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் 2014-ல் வெளியிட்ட நூலில், சுமார் 3,700 ஆண்டுப் பழமையான களிமண் பலகை ஒன்றை விளக்குகிறார். ஊழி வெள்ளத்துக்குக் கட்டச் சொன்ன பேழை அதில் வட்டமான படகு; அதற்கு எவ்வளவு தார் பூச வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. காவிரிக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. வெள்ளம் வந்தால் வேறு எதில் ஏறுவது?

மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்தியப் பரிசலையும் இராக்கின் குஃபாவையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர். ஒன்றுக்குத் தோல், மற்றதற்குத் தார் என்று இருந்த காலம் அது. நம் பரிசல் பிற்பாடு இரண்டாவதன் வழிக்கு வந்துசேர்ந்தது.

நடுவில் ஆறே ஏரியாகிவிட்டது. 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934-ல் முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-ல் திறந்துவைத்த ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு வந்தது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர், பரப்பு 59 சதுர மைலுக்குச் சற்று அதிகம். ஊர்கள் உள்ளே போயின. கோடையில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். பரிசலுக்கு வேலை மாறியது. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரை என்று இருந்தது, இப்போது அகன்ற ஏரியில் வலை போடும் தொழிலாகவும், பண்ணவாடியிலிருந்து எதிரே தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கு ஆளேற்றும் தொழிலாகவும் ஆயிற்று. ஆற்றில் அரைமணி நேரம் நனைந்த அடிப்பாகம் ஏரியில் இரவு முழுக்க நனைகிறது. தோலுக்கு இது தாங்காது. எருமைத் தோலின் விலையும் தாங்காது. உரச் சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் கைக்கு எட்டியதும் தோல் தானாக விலகிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். இனி ஒட்ட வேண்டும்.

ஒட்டுவது என்றால் என்ன? முதலில் நனைய வேண்டும். தாமரை இலையில் தண்ணீர் உருளுகிறது. நனையவில்லை, ஆகவே ஒட்டவில்லை. பாலித்தீனும் அப்படித்தான். அதன் மேற்பரப்புக்குப் பிறரை இழுத்துப் பிடிக்கும் சக்தி மிகக் குறைவு. கடையில் வாங்கும் பசைக் குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் ‘பாலித்தீன் நீங்கலாக’ என்று போட்டிருப்பதற்கு அதுவே காரணம். அதைப் படிக்காமல் நான் ஒருமுறை கோழிக்கூண்டின் மூங்கில் கூரைமேல் பாலித்தீன் தாளை மரவேலைப் பசையால் ஒட்டினேன். காய்ந்ததும் தாள் முழுசாக, கிழியாமல், அப்பளம்போல எடுக்க வந்தது. பசையும் முழுசாக மூங்கிலிலேயே இருந்தது. இருவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

தார் மட்டும் பாலித்தீனில் எப்படி ஒட்டுகிறது? உறவு முறை. இரண்டும் கச்சா எண்ணெய் வீட்டுப் பிள்ளைகள். எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் இறக்கிய பிறகு அடியில் தங்குவது தார். அதே எண்ணெயின் லேசான பாகத்திலிருந்து வந்தது பாலித்தீன். தண்ணீரை உருட்டிவிடும் பாலித்தீன், சூடான தாரைப் பரவவிடுகிறது. எண்ணெய் பட்ட கையால் பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கழுவிப் பாருங்கள், இந்த உறவு புரியும். (நாம் பேச்சில் தார் என்பது சாலைக்குப் போடும் பிட்டுமின். நிலக்கரியிலிருந்து வடிக்கும் உண்மையான தார் வேறு. இனிப் பெயரை மாற்ற யாராலும் ஆகாது.)

ஆனால் உறவு இருந்தால் போதாது, சூடு சரியாக இருக்க வேண்டும். சாலை வேலையில் தாரை 150 டிகிரிக்கு மேல் காய்ச்சுவார்கள். மெல்லிய பாலித்தீன் தாள் 110 டிகிரியிலேயே உருகிவிடும். உரச் சாக்கின் பாலிப்ரொப்பிலீன் 160 வரை தாக்குப்பிடிக்கும், ஆனால் அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கும். ஆகவே கொதிக்கும் தாரை அப்படியே ஊற்றினால் விரிப்பில் ஓட்டை. ரொம்ப ஆறவிட்டால் தார் கெட்டிப்பட்டு, பரவாமல், மேலோடு உட்கார்ந்துகொள்ளும், நனையாது, ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் பூசி முடிக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத இடத்தில் கண்ணும் மூக்கும் அனுபவமும்தான் தெர்மாமீட்டர்.

மூங்கில் பக்கம் வேறு தகராறு. மூங்கிலின் வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் உண்டு. அது மழைக்குக் குடை, பசைக்குப் பகை. மூங்கில் பலகை செய்யும் தொழிற்சாலைகளில் முதலில் அந்தப் பச்சைத் தோலைச் சீவி எறிந்துவிட்டுத்தான் பசை தடவுகிறார்கள். உள்பக்கம் பஞ்சுபோல, தாரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஈர மூங்கிலில் சூடான தார் பட்டால் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் எழும். கொப்புளத்துக்குள் காற்று, காற்றுக்குப் பின்னால் தண்ணீர் வரும். பரிசலுக்குத் தார் பூசக் காய்ந்த வெயில்நாள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாஸ்திரம் தேவையில்லை.

இனி வெயிலின் வேலையைப் பார்ப்போம். பரிசலின் குறுக்களவு ஏழடிக்குக் கொஞ்சம் கூட. அந்த அகலத்துப் பாலித்தீன் விரிப்பு, விடியற்காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்கு 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு நீள நினைக்கும். மூங்கிலோ நெடுக்குவாக்கில் சூட்டுக்கு அசையவே அசையாது; ஆனால் தண்ணீர் குடித்தால் குறுக்குவாக்கில் பருக்கும். ஒருவர் வெயிலுக்கு ஆடுபவர், மற்றவர் ஈரத்துக்கு ஆடுபவர். இவர்களைக் கல்போன்ற பசையால் ஒட்டினால் என்ன ஆகும்? எபாக்சி பசைகளுக்கு நல்ல பலம் உண்டு, இரும்பும் இரும்பும் சேர்க்க அதைவிட வேறு வேண்டாம். ஆனால் ஒன்று நீளும், மற்றது நீளாது என்ற இடத்தில் இறுகிப்போன பசையின் ஓரங்களில் முழு இழுப்பும் குவியும். ஓரத்தில் ஒரு நூல் விட்டால் போதும், மிச்சம் தையல் பிரிவதுபோலப் பிரிந்துபோகும்.

தார் இறுகுவதில்லை. இறுகினதுபோல நடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-ல் ஒரு புனலில் கீலை ஊற்றிவைத்தார். சுத்தியால் அடித்தால் கண்ணாடிபோல உடையும் பொருள் அது. 1930-ல் புனலின் அடியை வெட்டிவிட்டார்கள். 2014 வரை விழுந்தது ஒன்பது சொட்டு. பரிசலின் தாரும் அந்த வம்சம்தான். வேகமாக இடித்தால் கெட்டி, மெதுவாக இழுத்தால் திரவம். விரிப்பு காலைமுதல் மதியம்வரை மெதுவாக நீளும்போது தாரும் கூடவே நகர்ந்து கொடுக்கிறது. தடித்த, மெத்தென்ற பசைப்படலம் மெல்லிய, கடினமான படலத்தைவிடப் பல இடங்களில் மேல் என்று பசைத் தொழில்நுட்பம் படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். பரிசல்காரர் அதை விரல் கனத்துக்கு அப்பிச் சொல்கிறார்.

இந்த நெகிழ்வுக்கு விலையும் உண்டு. சாலைத் தாரில் பரவலாகப் புழங்கும் வி.ஜி.-30 என்ற தரம் 47 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். சேலம் வெயிலில் கறுப்புப் பரப்பு அதை எளிதில் தாண்டும். அப்போது தார் வழியும், உட்கார்ந்தவர் வேட்டியில் ஏறும். குளிர்நாளில் விறைத்து வெடிக்கும். ஆண்டுகள் போகப்போக வெயிலும் காற்றும் அதன் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட, அந்தச் சிலந்திவலை வெடிப்பு வரும். பரிசலின் இரண்டாவது வயது முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

இங்கே மேட்டூருக்கே உரிய ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1960-களிலிருந்து பி.வி.சி. பிசின் தயாராகும் ஊர் இது. நாட்டில் குழாய், விளம்பரப் பதாகை என்று எங்கும் நிறைந்திருக்கும் பிளாஸ்டிக், ஏரிக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. ஆனால் பரிசலுக்கு அது நல்ல துணை அல்ல. மெத்தென்ற பி.வி.சி. விரிப்புகளில் வளையும் தன்மைக்காக எண்ணெய்போன்ற ஒரு திரவத்தைக் கலந்திருப்பார்கள். தார் அந்த எண்ணெயை மெல்லமெல்ல உறிஞ்சிவிடும். தார் இளகிக் கொழகொழக்கும், பி.வி.சி. விறைத்து உடையும். கட்டடக் கூரைகளில் நீர்த்தடுப்பு விரிப்புப் போடும் வேலைக்காரர்களுக்கு இது பாலபாடம், பி.வி.சி.யும் தாரும் தொடக்கூடாது, நடுவில் ஒரு துணியாவது வேண்டும். பழைய பதாகையைப் பரிசலுக்குப் போர்த்தினால் நன்றாக இருக்குமே என்று யோசிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எந்த ஊரிலிருந்தோ வந்த உரச் சாக்கு தாரோடு ஒத்துப்போகிறது, உள்ளூர்ப் பிள்ளை ஒத்துப்போகவில்லை.

பிளாஸ்டிக்குக்கும் தாருக்குமான உறவை ஊரறியச் செய்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன். சாலையில் பெரிய எதிரி தண்ணீர். ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம் அதிகம். மழைநீர் இடுக்கில் புகுந்தால் தாரைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்ளும். குழி விழும் சாலைகளின் கதை பெரும்பாலும் இதுதான். வாசுதேவன் சூடான ஜல்லிமேல் முதலில் துண்டாக்கிய கழிவுப் பிளாஸ்டிக்கைத் தூவி உருகவைத்தார். கல்லுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சட்டை. அதன்மேல் தார் வந்தால் பிடிப்பு கூடுகிறது, தண்ணீருக்கு வழி அடைபடுகிறது. 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. அந்த முறையிலும் பி.வி.சி.க்கு இடமில்லை; சூடுபட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பும். ஒத்துப்போகாத இரண்டு பொருளுக்கு நடுவில் இரண்டோடும் ஒத்துப்போகும் மூன்றாவது ஒன்றை வைப்பது என்ற உத்தியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதுபோன்ற உத்திகள் சில பரிசலுக்கும் வரலாம். முதல் பூச்சு தண்ணியாக இருக்கட்டும்; மண்ணெண்ணெய் கலந்து இளக்கிய தார் மூங்கிலின் இண்டு இடுக்கெல்லாம் புகும். அது ஆறி, மண்ணெண்ணெய் முழுக்க ஆவியான பிறகு கனத்த பூச்சு. காய்ச்சும்போது மண்ணெண்ணெய் சேர்ப்பது தீயோடு விளையாட்டு. அடுப்பை அணைத்து, தள்ளி வைத்துத்தான் கலக்க வேண்டும். விரிப்பில் அச்சு இருந்தால் அச்சுப் பக்கம் தாரைப் பார்க்கட்டும். மை ஒட்டுவதற்காகத் தொழிற்சாலையில் பொதுவாக அந்தப் பக்கத்தில் மின்பொறி பாய்ச்சிப் பிடிப்பைக் கூட்டியிருப்பார்கள். சாலைக்காரர்கள் தாரில் கலக்கும் நீற்றுச் சுண்ணாம்புப் பொடியைக் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம், வெயிலில் வழிவது குறையும். அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டூரில் மலைபோல் இருக்கிறது. அதுவும் ஒரு பொடிதான். இவையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டியவை, வேதவாக்கு அல்ல.

ஆனால் பூச்சைவிடப் பெரிய விஷயம் ஒன்றிருக்கிறது, அதைப் பரிசலின் வடிவமே கவனித்துக்கொள்கிறது. பசை எந்தத் திசையில் இழுபடுகிறது என்பதே பாதிக் கதை. இரண்டு தாளை ஒட்டி எதிரெதிராக இழுங்கள், எளிதில் வராது. ஒரு மூலையைக் கிள்ளி உரியுங்கள், வாழைப்பழத் தோல்போல வரும். எட்டுப் பேரோடு மிதக்கும் பரிசல் அரை அடிக்குச் சற்றே கூட நீரில் அமிழும். அந்த ஆழத்துத் தண்ணீர் கீழிருந்து விரிப்பை மூங்கிலோடு சேர்த்து அழுத்துகிறது. நீரில் இருக்கும்வரை பசைக்கு இழுப்பே இல்லை, தண்ணீரே பிடித்துக்கொடுக்கிறது. ஆபத்து மூன்று இடங்களில். கரையில் கல்மேல் தரதரவென்று இழுக்கும்போது. உள்ளே ஏறுபவர் கூரான எதையாவது ஊன்றும்போது. விளிம்பில், உரிவது தொடங்கக்கூடிய ஓரத்தில். விளிம்பைத் தாரை நம்பி விடாமல் விரிப்பை உள்ளே மடித்துக் கயிறால் வரிந்து கட்டுவதற்கு அதுவே காரணம். தோல் காலத்துக் கட்டு அங்கே மட்டும் போகவில்லை. ஒட்டு வந்த பிறகும் கட்டை விடாதது கெட்டிக்காரத்தனம்.

இப்போது கண்ணாடி நாரிழைப் பரிசல்கள் வந்துவிட்டன. மீன்வளத் துறை மானியத்திலும் மீனவர்களுக்குக் கொடுக்கிறார்கள். தார் வேண்டாம், ஆண்டுக்கொரு போர்வை வேண்டாம், அழுகாது. அதில் ஒட்டு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடி இழைக்கும் அதைச் சூழ்ந்த பிசினுக்கும் நடுவில் ஓர் ஒட்டு. ஒரு பரிசலில் கோடிக்கணக்கான ஒட்டு. கண்ணாடியும் தண்ணீர்ப் பிரியன்தான், ஜல்லியைப்போல. ஆகவே இழைக்குச் சிலேன் என்ற ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அதன் ஒரு கை கண்ணாடியைப் பிடிக்கும், மறு கை பிசினைப் பிடிக்கும். பழைய வேலைதான், கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. உழைப்பு குறைகிறது, ஆயுள் கூடுகிறது. தினமும் வலை போடுபவருக்கு இதுதான் நல்லது என்பது என் கட்சி. மூங்கில் பரிசலின் அழகுக்காக அவர் முதுகொடிய வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் மூங்கில் முந்துகிறது. ஓட்டை விழுந்தால் ஒரு சாக்குத் துண்டும் ஒரு சிரட்டைத் தாரும் போதும், கரையிலேயே உட்கார்ந்து அடைத்துவிடலாம். நாரிழை கிழிந்தால் அதே பிசினும் அதே இழையும் தேடி ஊருக்குள் போக வேண்டும்.

ஒகேனக்கல்லிலோ பண்ணவாடியிலோ மூங்கில் பரிசல் ஏறப்போகிறீர்களானால், ஏறும்முன் விளிம்பை ஒருமுறை பாருங்கள். கயிறு இறுக்கமாக இருக்கிறதா, தார் வெடித்திருக்கிறதா என்று கேட்டால் பரிசலோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாதத்தைத் தட்டையாக நடுவில் வைத்து உட்காருங்கள். நீர்வரத்து கூடி, பரிசல் இயக்கத் தடை என்று அறிவித்திருந்தால் கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள்.